கையெழுத்துக்கு யார் சாட்சி?
கிடர்பூரில் தொடங்கும் ஒரு பழைய கேள்வி

கொல்கத்தாவில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், பீரோவின் அடித்தட்டில் ஒரு பழைய ஆட்டோகிராஃப் புத்தகமோ பழுப்பேறிய கடிதமோ இருப்பது அபூர்வமில்லை. அதற்குக் காரணம் உண்டு. சர் சி.வி. ராமன் 1907இல் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலக அதிகாரியாக இங்கே வந்து, பின்னர் பேராசிரியராகி, 1933 வரை பெரும்பாலும் இந்த ஊரில்தான் இருந்தார். ராஜாஜி 1947 ஆகஸ்ட் 15 முதல் 1948 ஜூன் வரை மேற்கு வங்கத்தின் முதல் கவர்னர். காந்தியடிகள் பலமுறை வந்து போனார். ஹரிஜன நிதிக்கு ஐந்து ரூபாய் கொடுத்தவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவர் வழக்கம். ஆகவே, "இது எங்க தாத்தாவுக்கு அவரே போட்டுக் கொடுத்தது" என்று ஒரு வீட்டில் காட்டினால் நாம் ஆச்சரியப்படுவதில்லை. கேட்கவே பெருமையாக இருக்கும்.

தாத்தா இருக்கும்வரை அந்தப் பேச்சே போதும். பேரன் காலத்தில் போதாது. இன்று பழைய கையெழுத்துகளுக்கு விலை இருக்கிறது, ஏல நிறுவனங்கள் இருக்கின்றன, சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். "நிபுணர் ஒருவர் பார்த்து அசல்தான் என்று சர்டிஃபிகேட் கொடுக்கட்டும், நல்ல விலை போகும்" என்கிறார்கள். கையெழுத்துப் போட்டவரும் இல்லை, வாங்கினவரும் இல்லை. இருவரையும் பார்த்திராத மூன்றாம் மனிதர் ஒருவர் தாளைப் பார்த்து, இது அவருடையதுதான் என்கிறார். அந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இது அமெரிக்காவிலிருந்து நேற்று வந்த கேள்வி என்று நினைத்தால் தவறு. நாம் வாழும் இந்த நகரம் 250 ஆண்டுகளுக்கு முன்பே இதே கேள்வியைச் சந்தித்தது. அன்று பந்தயத்தில் இருந்தது பணமல்ல, ஒரு மனித உயிர். அந்த உயிர் போன இடம் கிடர்பூர்.

குலிபஜார், 1775 ஆகஸ்ட் 5

ஹவுரா ஸ்டேஷனுக்குப் போக வித்யாசாகர் சேதுவில் ஏறும்போது கீழே ஹேஸ்டிங்ஸ் என்றொரு பகுதி வருகிறதல்லவா? கிடர்பூர் பாலத்தை ஒட்டிய அந்த வட்டாரத்துக்கு அன்று குலிபஜார் என்று பெயர். 1775 ஆகஸ்ட் 5ஆம் தேதி காலை, பெருங்கூட்டம் பார்த்து நிற்க, மகாராஜா நந்தகுமார் அங்கே தூக்கிலிடப்பட்டார். நவாபுகளின் ஆட்சியிலும் கம்பெனி ஆட்சியிலும் பெரிய பதவிகளை வகித்த வங்காள பிராமணர் அவர். செய்த குற்றமாகச் சொல்லப்பட்டது, ஒரு கடன் பத்திரத்தைப் போலியாகத் தயாரித்தது.

முன்கதை இது. 1775 மார்ச்சில் நந்தகுமார், கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் சுமார் மூன்றரை லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கினார் என்று கவுன்சிலில் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். கவுன்சிலில் ஹேஸ்டிங்ஸுக்கு எதிரானவர்களே பெரும்பான்மை. புகார் சூடுபிடிக்கும் நேரத்தில், மே 6ஆம் தேதி, நந்தகுமாரே கைதானார். கைதுக்குக் காரணமான வழக்கைக் கொடுத்தவர் மோகன் பிரசாத் என்பவர். புலாகி தாஸ் என்ற வட்டிக்கடைக்காரரின் சொத்து விவகாரங்களைக் கவனித்து வந்தவர் இவர்.

சண்டைக்கான தாள் 1765ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஃபார்ஸி பத்திரம். நந்தகுமார் தன்னிடம் கொடுத்து வைத்த நகைகள் கலகத்தில் கொள்ளை போயின. அதற்கு ஈடாக 48,021 ரூபாயும் அதற்கு மேல் ரூபாய்க்கு நாலணா வீதமும் தருகிறேன் என்று புலாகி தாஸ் எழுதிக் கொடுத்ததாக அதில் இருந்தது. புலாகி தாஸ் 1769இல் இறந்துபோனார். அதன் பிறகு நந்தகுமார் இந்தப் பத்திரத்தைக் காட்டி அவருடைய சொத்திலிருந்து பணத்தைப் பெற்றுக்கொண்டார். இப்போது எழுந்த கேள்வி ஒன்றே ஒன்று: பத்திரம் அசலா, போலியா?

கூண்டில் ஏறிய மூன்றாம் மனிதர்

பத்திரத்தில் சாட்சிகளாக மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் மகதாப் ராய். இன்னொருவர் புலாகி தாஸின் வக்கீல் சிலாபத். மூன்றாவதாக முகமது கமால் என்ற பெயர் கொண்ட ஒரு முத்திரை. சிலாபத் உயிரோடு இல்லை. மகதாப் ராய் என்று ஓர் ஆளே உண்டா என்பதே வாதமாகிவிட்டது. முத்திரை விஷயத்தில், கமாலுத்தீன் என்பவர் வந்து, "இது என் முத்திரைதான், ஆனால் நான் வைக்கவில்லை, முன்பு அது நந்தகுமார் கையில் போய்ச் சேர்ந்தது" என்றார். எதிர்த் தரப்போ, "அது இந்தக் கமாலுத்தீன் இல்லை, முகமது கமால் என்ற வேறொருவர், அவரும் இறந்துவிட்டார்" என்றது. ஆக, பத்திரத்தில் சாட்சி போட்டவர்களில் ஒருவர்கூட வந்து, "ஆமாம், நான் பார்த்துப் போட்டேன்" என்று சொல்ல முடியாத நிலை.

அப்படியானால் சிலாபத்தின் கையெழுத்து அவருடையதுதானா என்று யாரைக் கேட்பது? இறந்தவரின் எழுத்தை அறிந்தவர் என்று சோபாபஜார் ராஜா நவகிருஷ்ணர் அழைக்கப்பட்டார். ஊரில் பெரிய மனிதர். ஃபார்ஸி நன்கு கற்றவர். ஹேஸ்டிங்ஸுக்கு இளமையில் ஃபார்ஸி சொல்லிக் கொடுத்தவர் என்றும் சொல்வார்கள். நந்தகுமாருக்கு வேண்டியவர் அல்ல. கூண்டில் அவர் தயங்கினார். ஒரு பிராமணரின் உயிர் தன் வாய்ச்சொல்லில் தொங்குகிறது என்ற தயக்கம் அவருக்கு இருந்ததை வழக்குப் பதிவே காட்டுகிறது. ஆனாலும் அது சிலாபத்தின் எழுத்து அல்ல என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிப்போம். நவகிருஷ்ணர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் சிலாபத்தை அறிந்தவர், எழுத்தையும் பார்த்தவர். ஆனால் அந்தப் பத்திரம் எழுதப்பட்டபோது அவர் அங்கே இல்லை. அவர் கொடுத்தது கண்ணால் கண்ட சாட்சியம் இல்லை, தாளைப் பார்த்துச் சொன்ன கருத்து. அந்தக் கருத்தைச் சொன்னவருக்கு இரு தரப்பில் ஒன்றோடு பழைய உறவும் இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். புலாகி தாஸ் முத்திரை வைத்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம் என்று நந்தகுமார் தரப்பில் பல சாட்சிகள் வந்தார்கள். அவர்களை ஜூரிகள் நம்பவில்லை. பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது, பார்த்தவன் நம்பத் தகுந்தவனாக இருக்க வேண்டும் என்பதும் அதே வழக்கில் தெரிந்தது.

தலைமை நீதிபதி எலிஜா இம்பே, சேம்பர்ஸ், லெமெய்ஸ்டர், ஹைட் என்ற நான்கு நீதிபதிகளும் பன்னிரண்டு ஜூரிகளும் 1775 ஜூன் 8 முதல் 16 வரை, கல்கத்தா வெயிலில், சாட்சியங்களை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்கள். தீர்ப்பு: குற்றவாளி. போலிப் பத்திரத்துக்கு மரண தண்டனை விதிக்கும் 1729ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டம் பொருத்தப்பட்டது. அப்படியொரு தண்டனை இந்த மண்ணின் வழக்கத்தில் இல்லை.

அதன் பிறகு சர்ச்சை ஓயவில்லை. இம்பேயின் மேல் நடவடிக்கை எடுக்க லண்டன் பாராளுமன்றத்தில் வந்த தீர்மானம் 1788இல் தோற்றது. 1841இல் மெக்காலே இம்பேயைக் கடுமையாகச் சாடி எழுதினார். 1885இல் சர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் இரண்டு தொகுதிகள் எழுதி, ஹேஸ்டிங்ஸும் இம்பேயும் கூடிச் சதி செய்யவில்லை என்று வாதாடினார். அடுத்த ஆண்டே, வங்காளத்தில் நீதிபதியாக இருந்த ஹென்றி பெவரிட்ஜ், இது நீதியின் பெயரால் நடந்த கொலை என்றே ஒரு நூல் எழுதினார். ஒரே வழக்குப் பதிவு. அதைப் படித்த இரண்டு சட்ட வல்லுநர்கள். இரண்டு நேர் எதிரான முடிவுகள். 110 ஆண்டு கழித்தும் அந்தத் தாள் யாருக்கும் தெளிவான பதில் சொல்லவில்லை.

திருவெண்ணெய்நல்லூர் அவை கேட்டது

கையெழுத்து வழக்கு என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வரவேண்டிய இன்னொரு வழக்கு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில், சுந்தரரின் திருமணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து நின்று, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். சுந்தரர் கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படியோலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குக் கொண்டு போகிறார்.

பக்திக் கதையாக இதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று வழக்காகப் பார்ப்போம். அந்த அவை சான்றுகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. வழிவழியாக அனுபவித்து வந்தது ஆட்சி. எழுத்து ஆவணம். பிறர் நேரில் கண்டது காட்சி.

மூல ஓலை வாசிக்கப்படுகிறது. சாட்சி போட்டவர்களின் எழுத்துகளை முதலில் பார்க்கிறார்கள். பிறகு, இது உன் பாட்டன் எழுத்துதானா என்று நீயே பார் என்று சுந்தரரிடம் சொல்கிறார்கள். அப்போது கிழவர் குறுக்கிடுகிறார்: இந்தப் பிள்ளை பாட்டன் எழுத்தை எப்படி அறிவான்? பாட்டனே எழுதிய வேறு ஓலை இருந்தால் கொண்டு வந்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறார். அப்படியே காப்பில் வைத்திருந்த வேறொரு ஓலையை வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே அவை முடிவு சொல்கிறது.

பாருங்கள், எவ்வளவு நுட்பம்! உறவு என்பதால் மட்டும் எழுத்தை அடையாளம் சொல்லிவிட முடியாது. ஒப்பிடும் ஓலை சந்தேகத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும். அது பாதுகாப்பான இடத்திலிருந்து வர வேண்டும். இன்றைக்கு உலகத்தில் எந்தக் கையெழுத்து நிபுணரும் இதற்கு மேல் புதிதாக ஒரு விதி சொல்லிவிடப் போவதில்லை. கிழவராக வந்தவர் யார் என்பது வேறு விஷயம். அவர் கேட்ட நடைமுறை சரியான நடைமுறை.

கையெழுத்திலிருந்து கைரேகைக்கு

கையெழுத்தை நம்பி ஏமாந்த அனுபவம் வங்காளத்தில் வேறொரு திசையில் பெரிய பலன் கொடுத்தது. 1858 ஜூலையில், முர்ஷிதாபாத் மாவட்டம் ஜங்கிபூரில், வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் அதிகாரி, சாலைக்கு சரளை சப்ளை செய்ய ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் போட்டார். பிறகு, "இது என் கையெழுத்தே இல்லை" என்று அவர் மறுத்துவிடக் கூடாது என்பதற்காக, அவருடைய உள்ளங்கையில் மை தடவித் தாளில் பதிய வைத்தார். அங்கே தொடங்கிய யோசனை, எட்வர்ட் ஹென்றி, அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகியோர் வகுத்த முறையாக வளர்ந்து, 1897இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பதிவகமாக நின்றது. தமிழில் எழுதப் படிக்கத் தெரியாதவனைத் 'தற்குறி' என்கிறோமே, கையெழுத்துக்குப் பதிலாகத் தானே வைக்கும் குறி என்பதுதான் அச்சொல்லின் பழைய பொருள். கேலிக்குரிய அந்தக் குறியே கையெழுத்தைவிட உறுதியான சான்றாகிவிட்டது!

கையெழுத்தும் சும்மா இருக்கவில்லை. 1904இல் வங்காள அரசு கல்கத்தாவில் கையெழுத்து நிபுணர் என்று தனிப் பதவியையே ஏற்படுத்தியது. சட்டத்தில் அதற்கு இடம் முன்பே இருந்தது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணர் கருத்தையும், 47ஆம் பிரிவு எழுத்தை அறிந்து பழகியவரின் கருத்தையும் ஏற்றது. 73ஆம் பிரிவு நீதிமன்றமே ஒப்பிட்டுப் பார்க்க வழி செய்தது. ஒப்பிடும் எழுத்து ஐயமில்லாதது என்று முதலில் நிரூபணமாக வேண்டும் என்றும் சொன்னது. அந்தச் சட்டத்தை வரைந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் நந்தகுமார் வழக்கைப் பற்றி எழுதிய அதே ஸ்டீஃபன். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதிகள் 39, 41, 72 ஆகிய பிரிவுகளாகத் தொடர்கின்றன.

இந்த மூன்றிலும் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். நிபுணர் சொல்வதைச் சட்டம் 'கருத்து' என்றே குறிக்கிறது. உண்மை என்றோ முடிவு என்றோ குறிப்பதில்லை. 1979இல் முராரி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், கையெழுத்து நிபுணரின் கருத்தை வேறு ஆதாரமில்லாமல் ஏற்கவே கூடாது என்று கண்மூடித்தனமான விதி கிடையாது. ஆனால் எச்சரிக்கையோடு அணுக வேண்டும், அவர் காட்டும் காரணங்களைச் சோதிக்க வேண்டும் என்றது. நியாயமான நடுவழி. நிபுணரைத் தூக்கி எறியவும் வேண்டாம், தலையில் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம்.

நிபுணர்கள் எவ்வளவு தூரம் சரியாகச் சொல்கிறார்கள் என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2022இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 86 பயிற்சி பெற்ற கையெழுத்து ஆய்வாளர்கள் பங்கு பெற்றனர். வேறு வேறு ஆட்கள் எழுதியதை ஒரே ஆள் எழுதியது என்று தவறாகச் சொன்னது நூற்றுக்கு 3.1. ஒரே ஆள் எழுதியதை இல்லை என்று தவறியது நூற்றுக்கு 1.1. இரட்டையர்களின் எழுத்து என்றால் முதல் வகைத் தவறு 8.7ஆக ஏறியது. மோசமில்லை, நல்ல மதிப்பெண்தான். ஆனால் இது நீதிமன்றப் பயிற்சி பெற்றவர்கள், போதிய மாதிரிகளை வைத்துக்கொண்டு, நிதானமாகப் பார்த்தபோது கிடைத்தது. ஆட்டோகிராஃப் என்பதோ பெரும்பாலும் அவசரத்தில் போட்ட ஒற்றைக் கிறுக்கல்.

சர்டிஃபிகேட் வியாபாரம்

இப்போது மேல்நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் விளையாட்டு வீரர்கள், நடிகர்கள் கையெழுத்துக்கு மிகப் பெரிய சந்தை உண்டு. 1990களின் இறுதியில் எஃப்.பி.ஐ. அங்கே 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் ஒரு புலனாய்வு நடத்தி, போலிக் கையெழுத்துத் தொழிற்சாலை ஒன்றையே பிடித்தது. பேப் ரூத் போன்ற இறந்துபோன பேஸ்பால் வீரர்களின் கையெழுத்தெல்லாம் புதிதாகப் போட்டு விற்றிருக்கிறார்கள். அகப்பட்ட பொருள்களில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்தும் உண்டு! நம் கொல்கத்தாவில், காளிகாட்டில், இறக்கும் தறுவாயில் இருந்தவர்களைப் பேணிய அந்தத் தாய் பேஸ்பால் பந்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை வாங்கினவர்கள் எப்படி நம்பினார்கள்? அசல் என்று நிபுணர் பெயரில் கொடுத்த சர்டிஃபிகேட்டும் கூடவே இருந்தது, அவ்வளவுதான். தாளைச் சரிபார்க்க வேண்டிய காகிதமே ஏமாற்றுக்குத் துணை போனது.

இதற்கு இரண்டு விதமாகப் பரிகாரம் தேடினார்கள். ஒன்று, விற்பவரோடு சம்பந்தமில்லாத நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்தைப் பார்த்துச் சொல்வது. பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் 1998 முதல் இதைச் செய்கிறது, பின்னர் வேறு பலவும் வந்தன. விற்பவரே எழுதிக் கொடுக்கும் சர்டிஃபிகேட்டைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் இதுவும் நவகிருஷ்ணர் வழிதான். தாளைப் பார்த்துச் சொல்லும் கருத்து.

மற்றொரு வழியை அமெரிக்க பேஸ்பால் சங்கம் 2001இல் தொடங்கியது. டோனி க்வின் என்ற பிரபல வீரர், தன் சொந்த அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்துகள் விற்கப்படுவதைக் கண்டது இதற்கு ஒரு தூண்டுகோல். இந்தத் திட்டத்தில், வீரர் கையெழுத்துப் போடும்போது பக்கத்திலேயே ஒரு சாட்சி நிற்பார். பெரும்பாலும் போலீஸ் வேலையில் இருப்பவர் அல்லது இருந்தவர். போட்ட உடனே எண்ணிட்ட ஹாலோகிராம் முத்திரையை ஒட்டிப் பதிவு செய்துவிடுவார். அவர் பார்க்காததற்கு முத்திரை கிடையாது. இறந்துபோனவர் கையெழுத்துக்கு இந்த வழி உதவாது என்பது உண்மை. ஆனால் இருவழிகளுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு இப்போது பழகிய வித்தியாசம்தான். பின்னது அயலார் காட்சி, முன்னது கருத்து.

எதனோடு ஒப்பிட்டார்கள் என்ற கேள்விக்கு 1983 ஜெர்மனி நல்ல பாடம். ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று ஒரு பத்திரிகை பெரும் பணம் கொடுத்து வாங்கியது. கையெழுத்து நிபுணர்கள் பார்த்து ஒத்துப்போகிறது என்றார்கள். பிறகு ஜெர்மன் அரசு ஆவணக் காப்பகமும் ஆய்வுக்கூடங்களும் காகிதத்தையும் பைண்டிங்கையும் பரிசோதித்ததில், போருக்குப் பின் வந்த ரசாயனங்கள் வெளிப்பட்டன. நிபுணர்கள் ஒப்பிட்ட மாதிரிகளில் சிலவும் அதே போலிக்காரர் எழுதியவை! திருவெண்ணெய்நல்லூர் அவை காப்பிலிருந்து ஓலை வரவழைத்ததன் அருமை இப்போது தெரிகிறதல்லவா?

நம் ஊரிலும் 2011இல் அரசு கலைக் கல்லூரிக் கண்காட்சி ஒன்றில் ரவீந்திரநாத் தாகூர் வரைந்தவை என்று வைக்கப்பட்ட ஓவியங்கள் போலியென்று, தொல்லியல் துறைக் குழு ஆராய்ந்து சொன்னது பலருக்கும் நினைவிருக்கும். பெரிய பெயரும் பெரிய இடமும் சேர்ந்துவிட்டால் கேள்வி கேட்கத் தயங்குகிறோம்.

ஆட்சியின் அருமை

ஆட்சி என்ற முதல் சான்றுக்கு ஓர் உதாரணம் கிடர்பூரிலேயே இருக்கிறது. மைக்கேல் மதுசூதன் தத்தர் வளர்ந்தது கிடர்பூரில், வக்கீலான அவர் தந்தையின் வீட்டில். 1848இல் சென்னைக்குப் போய் 1856 வரை அங்கே ஆசிரியராகவும் பத்திரிகைக்காரராகவும் வாழ்ந்தார். அவருடைய முதல் ஆங்கிலக் கவிதை நூலும் 1849இல் சென்னையில்தான் அச்சானது. அந்தக் காலத்து மதுசூதனரை நமக்குக் காட்டுவது பெரும்பாலும் அவர் தன் நண்பர் கௌர்தாஸ் பைசாக்குக்கு எழுதிய கடிதங்கள். நண்பர் அவற்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார், வாழ்க்கை வரலாறு எழுத வந்தவருக்கு அவை பயன்பட்டன. யார் எழுதினார், யாருக்கு எழுதினார், அதன் பிறகு யார் கையில் இருந்தது என்ற சங்கிலி அறுபடவே இல்லை. அப்படிப்பட்ட கடிதத்துக்கு நிபுணர் கருத்து ஒரு கூடுதல் பலம். சங்கிலியே இல்லாத கடிதத்துக்கோ நிபுணர் கருத்து ஒன்றுதான் பிடிமானம். இரண்டும் ஒரே விலைக்குரியவை ஆகுமா?

நம் வீட்டுத் தாள்களுக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம். சொல்லப் போனால் காரியம் எளிது.

வாங்குகிறவர்கள் சர்டிஃபிகேட்டைப் பார்க்கும்போது நான்கு கேள்விகள் கேட்கட்டும். இவர் பார்த்துச் சொல்கிறாரா, ஒப்பிட்டுச் சொல்கிறாரா? ஒப்பிட்டார் என்றால் எதனோடு, அந்த மாதிரி எங்கிருந்து வந்தது? கருத்துக்கு என்ன காரணம் காட்டுகிறார், அல்லது வெறும் ஸ்டிக்கர்தானா? இவருக்குக் கட்டணம் கொடுப்பவர் யார், தவறானால் பொறுப்பேற்பாரா? கடைசிக் கேள்விக்குப் பதில் அந்தச் சர்டிஃபிகேட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். அது கருத்து மட்டுமே என்று அவர்களே எழுதியிருப்பார்கள். பொறுமையாகப் படிக்க வேண்டும்.

சில சோதனைகளுக்கு நிபுணரே தேவையில்லை. பால்பாயிண்ட் பேனா கடைக்கு வந்ததே 1940களின் நடுவில்தான். 1921இல் மறைந்த பாரதியாரோ 1941இல் மறைந்த தாகூரோ அதில் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. அதேபோல், ரசிகர் கடிதத்துக்குப் பதிலாக நடிகர் அலுவலகம் அனுப்பிய படத்தில் இருப்பது பெரும்பாலும் அச்சுக் கையெழுத்து. ஒரு லென்ஸை வைத்துப் பார்த்தாலே புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அதுவும் அந்தக் காலத்து நினைவுதான், விலையை மட்டும் வேறாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாளை லேமினேட் செய்யாதீர்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள். கையெழுத்து உள்ள பக்கத்தை ஆல்பத்திலிருந்து கிழித்துத் தனியாகச் சட்டம் போடாதீர்கள். முன்னும் பின்னும் உள்ள பக்கங்கள்தான் தேதியையும் இடத்தையும் சொல்லும் சாட்சிகள். கூட வந்த உறை, அழைப்பிதழ், அந்த நாளில் எடுத்த ஃபோட்டோ எல்லாவற்றையும் ஒன்றாகவே வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். யார் வாங்கினது, எந்த வருஷம், எந்த இடத்தில், கூட யார் இருந்தார்கள் என்று ஒரு தனித் தாளில் அவர்கள் வாய்ச்சொல்லாகவே எழுதி, தேதி போட்டு, அவர்கள் கையெழுத்தையும் வாங்கி அந்தப் புத்தகத்தோடு வையுங்கள். பாட்டிக்குக் கை நடுங்கினால் எழுத்தே வேண்டாம், தற்குறியாகக் கட்டைவிரல் பதிந்தாலே போதும். "நான் பார்க்கவில்லை, அப்பா சொல்லிக் கேள்வி" என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். கேட்டதைக் கண்டது என்று கூட்டி எழுதினால் நாளைக்கு உண்மையானதும் சேர்ந்து கெட்டுவிடும்.

1775 ஜூனில் அந்த நீதிமன்றத்தில் புலாகி தாஸ் இல்லை, சிலாபத் இல்லை. ஆறு வருஷம் முன்னால் என்றால் புலாகி தாஸையே நேரில் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டியவர்கள் போன பிறகுதான் கேள்வி எழுந்தது, அதனால்தான் மூன்றாம் மனிதரின் கருத்து ஓர் உயிரின் எடையைச் சுமக்க நேர்ந்தது. நம் வீட்டுப் புத்தகத்தைப் பொறுத்தவரை சாட்சிகள் இன்னும் ஈஸிசேரில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பொங்கலுக்கோ பூஜா விடுமுறைக்கோ பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.